ஏழு ஞாயிறும் மூன்று மைலும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டைத் தெரியாதவர் கிடையாது. மாடி வைத்த கல் வீடு. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆடு மேய்க்கப் போய்விட்டேன். ஆனால் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் ரயில் பாதையில் எந்தச் சிலிப்பர் கட்டை எந்த மழைக்கு உளுத்துப்போகும் என்று குனிந்து பார்க்காமலே சொல்வேன். கப்பலில் வந்து இறங்கிய கூலியாள், பாதை பார்க்கும் கீமேன் ஆகி, கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் ஆகி, பிறகு ரயிலுக்குக் கட்டை வெட்டிக் கொடுக்கும் காண்டிராக்டர் ஆனேன். பெரிய பெரிய துரைமார் நாற்காலியை விட்டு எழுந்து எனக்குக் கை கொடுத்திருக்கிறார்கள். யாருடைய சிபாரிசும் எனக்கு இருந்ததில்லை.

கிள்ளான் கோயிலில் எனக்கு முன் வரிசை. அந்த வரிசை எனக்குக் கிடைத்தது இந்த வீட்டால் இல்லை, ஒரு சாட்சியால். 'மூன்று மைல் சாட்சி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஒரு கீமேன் ஏழு ஞாயிற்றுக்கிழமை தன் தண்டவாளத்தைக் கர்த்தர் கையில் விட்டுவிட்டு ஆராதனைக்கு வந்தான். ஏழு ஞாயிறும் ஒரு நட்டுகூடத் தளரவில்லை. கர்த்தரே நடந்து காத்தார். அந்தக் கீமேன் நான்தான். சபையின் ஆண்டுவிழா வந்தால் யாராவது ஒருவர் இதை எடுத்துச் சொல்வார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் தலையை ஆட்டுவேன்.

போன மாதமும் சொன்னார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். எட்டு அறை உள்ள வீட்டில் ஒரே ஒரு தட்டு. மனைவி கல்லறைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில், கிறிஸ்துமஸுக்குக் கடிதம் போடுவான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அந்தச் சாட்சி முழு உண்மை இல்லை. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான் மிச்சம், ஆண்டவரும் நானும். ஆகவே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக்காரர் நேராக்கிக்கொள்வார்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை மூளுவதற்கு முந்திய காலம் அது. எனக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். பாடாங் ஜாவாவுக்குக் கிழக்கே, பாதையோரம் ஒரு தகரக் குடிசை கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் ரப்பர் தோட்டம், மறுபக்கம் சதுப்புக் காடு. அங்கிருந்து பத்து தீகா ஸ்டேஷன் பக்கத்தில் உள்ள ஓர் எல்லைக் கல் வரை மூன்று மைல் என் பொறுப்பு. கீமேன் வேலை என்னவென்றால், தோளில் சுத்தியலும் ஸ்பானரும் வைத்துக்கொண்டு தினமும் காலையில் அந்த மூன்று மைலையும் கால்நடையாகப் போய் வரவேண்டும். கட்டையில் அடித்த ஆணி எழும்பியிருந்தால் இறக்க வேண்டும். இரண்டு தண்டவாளம் கூடுகிற மூட்டில் நட்டு தளர்ந்திருந்தால் முறுக்க வேண்டும். முறுக்கிய மூட்டில் ஓர் அடையாளம் போட வேண்டும்; மறுபடி அதே மூட்டு தளர்ந்தால் கீழே மண் இறங்குகிறது என்று அர்த்தம். நான் சாக்கட்டியால் கோடு போடுவேன். என் சுத்தியல் பட்டால் நல்ல ஆணி ஒரு மாதிரி பேசும், கெட்ட ஆணி ஒரு மாதிரி பேசும். அந்தக் காது எனக்குப் பிறவியிலேயே உண்டு, ரயிலில் வேறு யாருக்கும் அவ்வளவு கிடையாது.

எல்லைக் கல்லுக்கு அப்பால் வேறொரு கீமேன். சேலத்துப் பக்கத்து ஆள், என்னைவிட இருபது வயது மூத்தவர். நெற்றியில் விபூதி, வாயில் வெற்றிலை. இரண்டு பேரும் கல்லில் சந்தித்து ஒருவருக்கொருவர் "எம் பக்கம் சரி" என்று சொல்லிக்கொண்ட பிறகுதான் திரும்ப வேண்டும் என்பது மண்டோர் வைத்த முறை. ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் காத்திருக்க வேண்டும். பல நாள் நான் மனிதக் குரல் கேட்பது அந்த ஒரு வார்த்தையில்தான். குடிசைக்குத் திரும்பினால் பேச எனக்குக் குரங்குதான் துணை.

அவர் பேச ஆசைப்படுவார். நான் இடம் கொடுக்கமாட்டேன். நான் ஞானஸ்நானம் பெற்றவன், பீடிகூடத் தொடாதவன்; அவர் கல்லுக்குப் பக்கத்தில் எறும்புப் புற்றுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறவர். அப்போது எனக்கு அவ்வளவு பெருமை.

"என்ன வேதக்காரரே, இன்னிக்கும் மூஞ்சி இறுக்கமா இருக்கு. ராத்திரி உங்க சாமி திட்டிட்டாரா?"

"எம் பக்கம் சரிண்ணே."

"எம் பக்கமும் சரி. ஒரு வெத்தல போடுறியா?"

"பழக்கமில்ல."

"சிரிக்கிறதுமா பழக்கமில்ல?"

நான் திரும்பி நடந்துவிடுவேன்.

அந்த நாளில் கிள்ளானில் எங்கள் தமிழ்ச் சபைக்குத் தனிக் கட்டடம் கிடையாது. ஒரு பள்ளிக்கூட அறையில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு ஆராதனை நடக்கும். கேரி தீவில் தோட்டங்கள் திறந்துகொண்டிருந்தார்கள். நம் சனங்கள் படகு படகாகப் போய் இறங்கினார்கள். அவர்களுக்குப் பிரசங்கம் பண்ண ஓர் உபதேசியார் வேண்டும் என்று போதகர் ஐயா ஆள் தேடிக்கொண்டிருந்தார். அது எனக்கு வைத்த வேலை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். குரல் எனக்கு வெண்கலக் குரல். வாசிக்கத் தடுமாறினாலும் ஒரு தரம் கேட்ட பிரசங்கத்தை அப்படியே திருப்பிச் சொல்வேன். சுத்தியல் பிடிப்பது வயிற்றுக்கு. கர்த்தருடைய வேலை என்றால் பிரசங்கம். இதுதான் அப்போது என் புத்தி. சொல்லப்போனால், தீவில் நூறு பேர் என் முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பதை நான் மனதில் பார்த்துவிட்டேன். தகரக் குடிசையில் தனியே கிடக்கிறவனுக்கு நூறு பேர் என்பது சின்ன ஆசை இல்லை.

போதகரிடம் போய்க் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்பா, நீ மாசத்துல ஒரு ஞாயிறு வர்றதே பெருசு. ஆராதனைக்கு வராதவன உபதேசியாரா அனுப்புனா, அங்க உள்ளவன் என்ன சொல்லுவான்?"

"ரயிலுக்கு ஞாயிறு கெடையாதுங்கய்யா. தினமும் நடக்கணும்."

"அது ஒன் பாடு. ரெண்டு மாசம் தவறாம வா. அப்புறம் பாப்போம்."

குடிசைக்குத் திரும்பி வரும்போதே எனக்கு யோசனை வந்துவிட்டது. வனாந்தரத்தில் இஸ்ரவேல் சனங்களுக்கு மன்னா விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆறாம் நாளில் இரண்டு பங்கு பொறுக்கி வைத்துக்கொள்வார்கள், ஏழாம் நாளில் ஓய்ந்திருப்பார்கள், வைத்தது கெடாது. அப்படியானால் நானும் சனிக்கிழமை காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை என்று இரண்டு நாள் வேலையையும் முடித்துவிட்டால் ஞாயிறு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மண்டோரும் வருவதில்லை. இரண்டாம் வகுப்புப் படித்தவனுக்கு வந்த யோசனையைப் பாருங்கள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இருபது வருஷம் ரயிலில் இருந்தவர்களுக்குக்கூட இது தோன்றவில்லையே என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை கல்லுக்குப் போனேன். சேலத்துக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து ஆளக் காணுமே தம்பி. ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. இனிமே ஞாயிறு வரமாட்டேன். சனிக்கிழமையே ரெண்டு நட நடந்துட்டேன்."

"சனிக்கிழம நடந்தா ஞாயித்துக்கிழம பேயுற மழைக்கு அது தெரியுமா?"

"ஞாயிறு ஆண்டவர் பாத்துக்குவார்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார். "பாப்பாரு. ஆனா அவருக்கு ஸ்பானர் யாரு குடுக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. "மண்டோர்கிட்ட சொல்லணும்னா சொல்லிக்குங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்? நீ போயி ஒங்க சாமியப் பாரு. எம் பக்கம் சரி."

அப்படியே ஏழு ஞாயிறு போனேன். பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்வேன். திங்கட்கிழமை என் மூன்று மைலையும் பார்ப்பேன். ஒரு குறையும் இராது. மூட்டுகளில் அங்கங்கே வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. சதுப்பில் கொக்குகள் அதிகம். அதன் எச்சம் என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் நான்.

ஏழாவது ஞாயிறு விடியற்காலையிலிருந்து மழை. கிள்ளானில் தெருச் சடக்கெல்லாம் தண்ணீர். ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் கொடுத்தபோது எழுந்தேன். மன்னாவைச் சொன்னேன், சனிக்கிழமை இரண்டு நடையைச் சொன்னேன். "அந்த மூணு மைலயும் கர்த்தர் கையில விட்டேன். ஒரு நட்டு தளரல" என்றேன். தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்டது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். போதகர் வந்து என் தோளில் கை வைத்து, "அடுத்த ஞாயிறு ஒன் காரியத்தச் சபையில வைக்கிறேன்" என்றார். அன்றைக்கு என்னோடு கை குலுக்கியவர்களை எண்ணிச் சொல்ல முடியாது. மழையில் நனைந்துகொண்டே ஒரு ராஜா மாதிரி வீடு திரும்பினேன்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தேன். சதுப்பு வளைவில் தண்டவாளம் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. மழைக்கு அங்கே மண் கரையும். அது எனக்குத் தெரியும். குனிந்தேன். வரிசையாக ஐந்து மூட்டுகளில் வெள்ளைப் புள்ளி. தண்டவாளத்தின் தலைக்குக் கீழே, மழை படாத உள்பக்கத்தில். அந்த இடத்தில் எந்தக் கொக்கும் எச்சமிட முடியாது. விரலால் தொட்டேன், சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு, பெருவிரல் ரேகையோடு ஒட்டியிருந்தது. எல்லைக் கல்லுக்கு அந்தப் புறம் மூட்டுக்கு மூட்டு இதே பெருவிரலைப் பார்த்திருக்கிறேன். சாக்கட்டி கேட்டு ஸ்டோருக்குப் போக அலுத்துக்கொண்டு சேலத்துக்காரர் சுண்ணாம்பில்தான் அடையாளம் வைப்பார்.

மூன்றாவது மூட்டில் ஒரு போல்ட் புதிது. உடைந்த பழைய போல்ட் ஜல்லிமேல் கிடந்தது. முறிந்த இடம் இன்னும் துருப்பிடிக்கவில்லை. கிள்ளானிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைக் காலை வண்டி அந்த வளைவைக் கடக்கும் நேரம் எனக்கு மனப்பாடம். நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று வெண்கலக் குரலில் பேசிக்கொண்டிருந்த நேரம்.

கல்லுக்கு ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் இல்லை. உட்கார்ந்தேன். அவர் வரவேண்டிய திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாலாங் புல் காற்றில் படுத்துப் படுத்து எழுந்தது. இரண்டு வண்டிகள் போயின. கடைசியில் டிராலியில் மண்டோர் வந்தார்.

"அந்தாளு வரமாட்டாரு. நேத்து முழுக்க மழையில நனஞ்சிருக்காரு. நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்குது. காலையில வண்டியில ஏத்திக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். ஒரு நாளு நடைக்கு அப்படி என்னாய்யா நனையுறது? சட்டுனு முடிச்சுட்டு ஒதுங்கத் தெரியாது?" என்றார்.

அவர் நடந்தது ஒரு நடை இல்லை, இரண்டு பேருடைய நடை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும், தீவும் போயிருக்கும். "அவர் பக்கத்தையும் நானே பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். மண்டோர் என் நல்ல குணத்தைப் பாராட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு நான்கு நாள் ஆயிற்று. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். போனபோது அவர் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். வெற்றிலை இல்லாத அவர் வாயை அன்றுதான் பார்த்தேன், சின்ன வாய்.

"வா வேதக்காரரே. எம் பக்கம் யாரு நடக்கிறா?"

"நான்தாண்ணே."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு." பிறகு கேட்டேன். "ஏழு ஞாயிறும் நடந்தீங்களா?"

"எத்தன ஞாயிறுன்னு எனக்கென்ன தெரியும்? நீ வராத அன்னிக்கெல்லாம் நடந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கோயிலுக்குப் போவ மாட்டியே. வாரத்துல அந்த ஒரு நாளு போயிட்டு வந்தா திங்கக்கிழம ஒம் மூஞ்சி கொஞ்சம் பாக்கிற மாதிரி இருக்கும். மத்த நாளெல்லாம் சாவு வீடு." சிரிக்கப் போய் இருமினார்.

"ஒங்களுக்கு என்னண்ணே தலையெழுத்து? என் பக்கத்த நீங்க ஏன் நடக்கணும்?"

நான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தார்.

"வண்டி வருதுல்ல" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை. நான் பிறகு முப்பது வருஷம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நானே பண்ணியும் இருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தைக்குப் பக்கத்தில் எதையும் வைக்க முடியவில்லை. வண்டியில் வருகிறவர்களை அவருக்குத் தெரியாது. அவர்களுக்கும் அவரைத் தெரியாது. தளர்ந்த நட்டைக் குனிந்து முறுக்கி, சுண்ணாம்பு வைத்துவிட்டு அடுத்த மூட்டுக்குப் போனார். கர்த்தர் என்னை அந்தக் குடிசையில் வைத்தது இதற்குத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. தீவுக்கு அனுப்புமுன் சும்மா காத்திருக்க வைத்த இடம் இல்லை அது. அதுவே அனுப்பிய இடம். என் கையில் சுத்தியலைக் கொடுத்தவரும் அவரே. அதை நான் கீழே வைத்துவிட்டு அவரைத் தேடிப் போனேன்.

சனிக்கிழமை போதகர் ஐயாவிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப தீவுக்கு?"

"வேற ஆளப் பாருங்கய்யா. நான் ஞாயிறு நடக்கணும்."

"அது சரி. ஆனா சாட்சி சொன்ன எடத்துல வந்து நீயே அதத் திருத்திச் சொல்லிரு. ஒன் வாயால சொல்லணும்."

"ஞாயிறுதான் நடக்கணுமேய்யா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அது சாக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு ஞாயிறு மண்டோரிடம் மாற்று ஆள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போதகர் ஐயா அந்த வருஷமே ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார், வாயைத் திறக்காமல்.

சேலத்துக்காரருக்கு நெஞ்சு தேறவில்லை. வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி ஊருக்கு அனுப்பினார்கள். துறைமுகத்துக்குப் போகும் வண்டியில் ஒரு வியாழக்கிழமை ஏற்றியதாக மண்டோர் சொன்னார். அன்று அந்த வண்டி வரும்போது நான் சதுப்பு வளைவில் ஒதுங்கி நின்றேன். எந்தப் பெட்டி என்று தெரியாது. ஜன்னல்கள் ஓடின. ஒரு கை வெளியே நீண்ட மாதிரி இருந்தது, யார் கையோ. வண்டி போன பிறகு அந்த ஐந்து மூட்டையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். நன்றாகவே பேசின. அவரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவர் ஊர்ப் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். கல்லில் சந்தித்தால் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். ஒன்பது வருஷம், ஒரு ஞாயிறும் தவறாமல் அந்த மூன்று மைலையும் நடந்தேன். ஒவ்வொரு ஆணிக்கும் மனதுக்குள் ஒரு ஜெபம் வைத்தேன். அந்த ஒன்பது வருஷத்தில் என் பாதையில் ஒரு சக்கரம் விலகியதில்லை. துரையே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் மண்டோர் ஆனேன். அதெல்லாம் நிஜம், அதை மார்தட்டிச் சொல்வேன். ஆனால் கிள்ளானிலோ நான் வராத ஞாயிறுகளில் என் சாட்சியைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். திரும்பிப் போனபோது முன் வரிசை காலியாகக் காத்திருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

போன மாத ஆண்டுவிழாவுக்கு மறுநாள், யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறிப் பத்து தீகாவில் இறங்கினேன். கையில் தடியோடு பாதையோரமாக நடந்தேன். கல் அங்கேயே இருக்கிறது, வெள்ளையடித்திருக்கிறார்கள். புற்றைக் காணோம். அன்றைய கீமேன் வந்து போய்விட்டிருந்தான் போல. மூட்டில் புதுச் சாக்கட்டிக் கோடு. வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் வரும் திசையில் ஒருவரும் வரவில்லை. வரமாட்டார் என்று தெரியும். ஆனாலும் கல்லில் உட்கார்ந்தவன் சொல்லாமல் திரும்பக் கூடாது என்பது முறை.

"எம் பக்கம் சரியில்லண்ணே" என்றேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன். இதுவரை எழுதியதை இப்போதுள்ள போதகரிடம் கொடுத்து, வருகிற ஞாயிறு எனக்குச் சாட்சி சொல்ல நேரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர், "பழைய சாட்சிதானே, சனங்க ஆசையாக் கேப்பாங்க" என்றார். கையில் உள்ளதை இன்னும் வாசிக்கவில்லை போலிருக்கிறது.

முன் வரிசையிலிருந்து எழுந்து நின்று நான் சொல்லப்போவது இவ்வளவுதான். அந்த ஏழு ஞாயிறும் கர்த்தர் என் தண்டவாளத்தைக் காத்தது உண்மை. மழையில் அதை நடந்தவர் ஒரு சேலத்துக்காரர். நான் அன்றைக்கு அங்கே இல்லை.